அடுப்படியை இடிக்கும் முன் போட வேண்டிய கணக்கு

சமையலறையை முழுதாக மாற்றப் போகிறோம் என்று முடிவானதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "சதுர அடிக்கு என்ன ரேட்?" நானும் அதைத்தான் கேட்டேன். மூன்று பேரிடம் கேட்டதில் மூன்று பதில் வந்தது. குறைவாகச் சொன்னவரைப் பிடித்தேன். கடைசியில், அதிகம் சொன்னவர் கேட்ட தொகையையும் தாண்டித்தான் வேலை முடிந்தது. நான் பிடித்தவர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். நான் ரேட் கேட்டேன், அவர் ரேட் சொன்னார். எதை அளப்பார், எப்படி அளப்பார், எதெல்லாம் அந்த ரேட்டில் சேராது என்று நான் கேட்கவே இல்லை.

அதனால் இந்தக் கட்டுரையில் விலை எதுவும் இருக்காது. விலை ஊருக்கு ஊர் மாறும், போன மாதம் கேட்டது இந்த மாதம் இருக்காது. உங்கள் சமையலறையின் அளவு மட்டும் மாறாது. அளவுகள் கையில் இருந்தால் விலையை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பெருக்கிக்கொள்ளலாம்.

எது இடம் மாறுகிறது?

நோட்டை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது இது. சிங்க், அடுப்பு, சுவர் இந்த மூன்றும் இருந்த இடத்திலேயே இருந்தால் செலவு ஒரு மாதிரி. ஒன்று நகர்ந்தாலும் கணக்கு வேறு.

சிங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குக் கீழே இருந்தால் அழகாக இருக்கும் என்று எட்டு அடி தள்ளி வைக்க ஆசைப்படுகிறீர்கள். கழிவு நீர்க் குழாய்க்குச் சரிவு வேண்டும், அடிக்குக் கால் அங்குலம் என்பது பொதுவான கணக்கு. எட்டு அடிக்கு இரண்டு அங்குலம் இறங்க வேண்டும். அந்த இரண்டு அங்குலத்தோடு குழாயின் பருமனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று தரையை உயர்த்த வேண்டும், அல்லது சுவரைத் துளைத்து வெளியே கொண்டுபோக வேண்டும், அல்லது அலமாரிகளுக்குப் பின்னால் குழாயை ஓட்டி அலமாரியின் ஆழத்தைக் குறைக்க வேண்டும். எதைச் செய்தாலும் பிளம்பர், கொத்தனார், தச்சர் என மூன்று பேரின் வேலையும் கூடுகிறது. ஜன்னல் அவ்வளவு முக்கியம் என்றால் நகர்த்துங்கள், தப்பே இல்லை. என்ன விலைக்கு அந்த ஜன்னலை வாங்குகிறோம் என்று மட்டும் தெரிந்துகொண்டு நகர்த்துங்கள்.

அடுப்பு நகர்ந்தால் எரிவாயுக் குழாயும் புகைபோக்கியின் குழாயும் சேர்ந்து நகரும். புகைக் குழாய் நீளமாக ஆக, வளைவுகள் கூடக் கூட, இழுக்கும் திறன் குறையும். சுவரை எடுப்பதாக இருந்தால், அது மேல்தளத்தின் பாரத்தைத் தாங்கும் சுவரா என்று கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லாமல் சுத்தியலைத் தொடக்கூடாது. அவருக்கான கட்டணமும் தேவைப்படும் அனுமதிகளுக்கான செலவும் பட்ஜெட்டின் முதல் வரி.

அளவெடுக்கும் நாள்

ஒரு டேப், ஒரு கட்டம் போட்ட நோட்டு, கூட ஒரு ஆள். சுவரின் நீளத்தைத் தரையருகே ஒரு முறை, மேடை உயரத்தில் ஒரு முறை, தலைக்கு மேலே ஒரு முறை அளந்து பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருக்காது. பழைய வீடுகளில் ஒரு அங்குலம் வித்தியாசம் சர்வ சாதாரணம். ஆயத்த அலமாரி வாங்குவதாக இருந்தால் மூன்றில் சின்ன அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

மேடைக் கல் அளவில் எல்லாரும் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு, 'எல்' வடிவ மூலை. ஒரு பக்கம் 10 அடி, மறுபக்கம் 8 அடி, ஆழம் 2 அடி என்று வையுங்கள். 10-ஐயும் 8-ஐயும் கூட்டினால் 18 ரன்னிங் அடி, அதாவது நீளத்தை மட்டும் எண்ணும் கணக்கு. ஆனால் மூலையில் இருக்கும் அந்த 2 அடிச் சதுரம் இரண்டு பக்கத்திலும் எண்ணப்பட்டுவிட்டது. உண்மையில் 16 ரன்னிங் அடி, 32 சதுர அடி. மூலையை ஒரு முறை எண்ணுவாரா, இரு முறை எண்ணுவாரா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். அப்புறம், கல் முழுப் பலகையாகத்தான் வரும். உங்களுக்கு 32 சதுர அடி போதும் என்றாலும், பலகை 45 சதுர அடி இருந்தால் பெரும்பாலும் அந்த 45-க்கும் சேர்த்துத்தான் பணம். மிச்சத் துண்டை ஜன்னலின் அடிவிளிம்புக்கோ பக்கத்துத் தட்டுக்கோ போட முடியுமா என்று பாருங்கள். சிங்க்குக்கும் அடுப்புக்கும் கல்லை வெட்டித் திறப்பு எடுப்பது, ஓரத்தை உருட்டிப் பாலீஷ் போடுவது இரண்டும் பெரும்பாலும் தனி ரேட். கல் விலையில் சேராது.

டைல்ஸ் கணக்கு எளிது. பரப்பைக் கண்டுபிடித்து 10 சதவீதம் கூட்டுங்கள், சாய்வாகப் பதிப்பதாக இருந்தால் 15. பிறகு பெட்டிக்கு எத்தனை சதுர அடி என்று பார்த்து மேல்நோக்கி முழுமையாக்குங்கள். 10-க்கு 10 அடித் தரை 100 சதுர அடி, சேதாரத்தோடு 110. 600-க்கு 600 மில்லிமீட்டர் டைல்ஸ் நான்கு கொண்ட பெட்டி ஏறக்குறைய 15.5 சதுர அடி. ஏழு பெட்டி 108.5 தான், எட்டு வாங்க வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஒரே டைல்ஸ் என்றாலும் பேட்ச் மாறினால் நிறம் ஒரு மயிரிழை மாறும். பதித்த பிறகுதான் கண்ணில் படும்.

அலமாரியை யார் எப்படி அளக்கிறார்?

நான் பணத்தை விட்டது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேடைக்குக் கீழே 10 அடி நீளத்துக்கு அலமாரி, உயரம் இரண்டரை அடி, ஆழம் 2 அடி என்று எடுத்துக்கொள்வோம். சிலர் முகப்பை மட்டும் அளப்பார்கள். 10-ஐ 2.5-ஆல் பெருக்கினால் 25 சதுர அடி. உள்ளே எத்தனை தட்டு இருந்தாலும் அதே 25 தான்.

வேறு சிலர், போட்ட பலகை அத்தனையையும் அளப்பார்கள். இரண்டடி அகலத்தில் ஐந்து பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கப் பலகை, ஆக பத்துப் பலகை. ஒன்று 5 சதுர அடி வீதம் 50. அடிப்பலகை 20, நடுவில் ஒரு தட்டு 20, பின்பலகை 25, கதவுகள் 25. கூட்டினால் 140 சதுர அடி. அதே அலமாரிதான், அளவு மட்டும் ஐந்து மடங்குக்கு மேல்.

இப்போது ஒருவர் ரேட் 10 என்கிறார், இன்னொருவர் 2 என்கிறார். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் சரி. இரண்டாமவர் ஐந்தில் ஒரு பங்கு கேட்பதுபோல் காதில் விழும். முகப்பு அளவுக்காரருக்கு 25 பெருக்கல் 10, அதாவது 250. பலகை அளவுக்காரருக்கு 140 பெருக்கல் 2, அதாவது 280. மலிவு என்று ஓடியவர் 30 அதிகம் கொடுக்கிறார். பலகை அளவில் ஒரு தட்டு கூடுதலாகக் கேட்டால் இன்னும் 20 சதுர அடி ஏறும்.

எந்த முறையும் தவறில்லை. ஆனால் கொட்டேஷனில் எந்த முறை என்று எழுதியிருக்க வேண்டும். கூடவே பலகை என்ன தரம், எத்தனை மில்லிமீட்டர், உள்பக்கமும் லேமினேட் உண்டா, கீலும் சேனலும் (இழுப்பறை ஓடும் தண்டவாளம்) யார் வாங்குவது என்பதும். கதவு வைத்த அலமாரியைவிட இழுப்பறைக்குச் செலவு அதிகம். ஒவ்வொரு இழுப்பறைக்கும் ஒரு ஜோடி சேனல், தனியாக ஒரு பெட்டி. படம் பார்த்து மயங்கி எல்லாவற்றையும் இழுப்பறையாகக் கேட்பதற்கு முன், தினமும் குனிந்து தேடும் பொருட்கள் எவை என்று யோசித்து அவற்றுக்கு மட்டும் கேட்கலாம். எனக்கு மூன்று போதுமாக இருந்தது. ஐந்து போட்டேன். இரண்டில் பிளாஸ்டிக் பைகள் தூங்குகின்றன.

கூலியும் அதன் இடைவெளிகளும்

கூலி பொதுவாக மூன்று விதம். நாள் கூலி, சதுர அடி அல்லது ரன்னிங் அடிக் கணக்கு, மொத்தமாகப் பேசுவது. என் அனுபவத்தில் இடிப்பு, கழிவு அள்ளுவது, சின்னச் சின்னப் பூச்சு ஒட்டு வேலைகளுக்கு நாள் கூலி சரி. ஆனால் நீங்கள் வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். டைல்ஸுக்கு அளவுக் கணக்கு. பிளம்பிங்கும் மின்வேலையும் புள்ளிக் கணக்கில் பேசுவது நல்லது, அதாவது எத்தனை குழாய் முனை, எத்தனை சுவிட்ச் முனை என்று எண்ணி. மொத்தமாகப் பேசினால் தலைவலி குறைவுதான். ஆனால் நடுவில் ஒரு மாற்றம் கேட்டாலும் புதிதாகப் பேரம் தொடங்கும்.

எப்படிப் பேசினாலும், பட்ஜெட் ஓட்டையாவது ஒருவர் வேலை முடிந்து இன்னொருவர் வேலை தொடங்கும் இடத்தில்தான். என் வீட்டில் எலக்ட்ரீஷியன் சுவரில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டி வயர்க் குழாயைப் பதித்தார். பிளம்பரும் தன் பங்குக்கு வெட்டினார். கொத்தனார் ஏற்கெனவே பூச்சை முடித்துக் கிளம்பியிருந்தார். "அண்ணே, இந்தக் காடியை யார் மூடுவது?" என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டேன். "பூச்சு வேலை எங்களுது இல்லைங்க" என்றார். நியாயம்தான். கொத்தனாரை மறுபடி கூப்பிட்டு இரண்டு நாள் கூலி, கூடவே ஒரு சித்தாள், இரண்டு மூட்டை சிமெண்ட். எந்தக் கொட்டேஷனிலும் இல்லாத செலவு.

அதனால் வேலை தொடங்கும் முன் இந்தக் கேள்விகளைக் கேட்டு, பதிலுக்கு நேரே ஒரு பெயரை எழுதுங்கள்:

- வெட்டிய காடிகளை மூடுவது யார்?
- கல்லில் சிங்க் திறப்பை வெட்டுவது யார், சிங்க்கை ஒட்டுவது யார்?
- பொருட்களை வண்டியிலிருந்து இறக்கி மேலே ஏற்றுவது யார்?
- புகைபோக்கிக்குச் சுவரில் ஓட்டை போடுவது யார்?
- பழைய அலமாரியும் இடிபாடும் யாருடைய பொறுப்பு?

கடைசிக் கேள்வியைச் சின்னதாக நினைக்க வேண்டாம். 100 சதுர அடித் தரையில் டைல்ஸும் கீழே உள்ள கலவையுமாக இரண்டு அங்குலம் பெயர்த்தால் கிட்டத்தட்ட 17 கன அடி. சுவரில் 150 சதுர அடிக்கு ஓர் அங்குலம் பெயர்த்தால் 12.5 கன அடி. இடித்தபின் அது உதிரியாகி ஏறக்குறைய ஒன்றரை மடங்காக உப்பும். ஆக 44 கன அடி. ஒரு ஆள் தூக்கும்படி சிமெண்ட் சாக்கில் ஒரு கன அடி வீதம் கட்டினால் 44 மூட்டை. மேடையை இடித்தது தனி. மாடி வீடாக இருந்து லிஃப்ட்டில் கொண்டுபோக அனுமதி இல்லையென்றால், ஒவ்வொரு மூட்டையும் ஒரு ஆளின் தோளில்தான் இறங்க வேண்டும். அதற்குக் கூலி, பிறகு கொண்டுபோகும் வண்டி, கொட்டும் இடத்துக் கட்டணம்.

நூறு பங்காகப் பிரிப்பது

அளவும் ரேட்டும் கையில் வந்துவிட்டால் கூட்டிப் பார்க்கலாம். வருவதற்கு முன்பு, உங்களிடம் இருக்கும் தொகை போதுமா என்று உத்தேசமாகப் பார்க்க வேண்டுமென்றால் நான் இப்படிப் பிரிப்பேன். மொத்தத்தை 100 என்று வையுங்கள். அலமாரி, கீல், சேனல், தச்சர் கூலி சேர்த்து 35. இடிப்பு, கொத்து, டைல்ஸ், பிளம்பிங், மின்வேலை எல்லாவற்றின் கூலியும் 20. மேடைக் கல் 10. டைல்ஸ், சிமெண்ட், பசை 8. சிங்க், குழாய், பைப் 7. வயர், சுவிட்ச், விளக்கு 5. கழிவு, ஏற்று இறக்கு 3. மீதி 12, எதற்கும் ஒதுக்காமல் கையில்.

இது என் உத்தேசம்தான், சட்டம் இல்லை. கூலி அதிகமுள்ள இடங்களில் 20 என்பது 35-ஐயும் தொடலாம், அப்போது அலமாரியில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். அடுப்பு, குளிர்ப்பெட்டி, புகைபோக்கி போன்ற சாதனங்களை நான் இதில் சேர்க்கவில்லை. அவற்றைத் தனிக் கணக்கில் வையுங்கள். ஆனால் எந்த மாடல் என்பதை மட்டும் இடிப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். சிங்க்கையும் அப்படியே. கல் வெட்டியபின் வாங்கிய சிங்க் அரை அங்குலம் பெரிதாக இருந்தால் திறப்பைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளலாம், சிறிதாக இருந்தால் கல்லே போச்சு.

கையில் வைக்கும் அந்த 12, வீடு பழையதென்றால் 20 ஆகட்டும். டைல்ஸைப் பெயர்த்தால் பின்னால் துருப்பிடித்த குழாயும் ஊறிப்போன செங்கலும் இருப்பது புதிது இல்லை. "மிச்சமிருக்கே" என்று அந்தப் பணத்தில் விலை கூடிய குழாய் வாங்கும் சபலம் இரண்டாவது வாரத்திலேயே வரும். அப்போது சுவர் பாதிதான் திறந்திருக்கும்.

சமைக்க முடியாத நாட்களின் செலவும் உண்டு. சிமெண்ட் பூச்சுக்குக் குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் விட வேண்டும், அந்த நாட்களில் வேலை நடப்பதுபோல் தெரியாது. அளவு கொடுத்துச் செய்யும் அலமாரி வர வாரக் கணக்கில் ஆகும். அலமாரி பொருத்தியபின்தான் கல்லுக்குத் துல்லியமாக அளவெடுப்பார்கள் என்றால் அதற்கு இன்னும் சில நாள். அலமாரிக்கு ஆர்டர் கொடுத்து, வரும் தேதியை உறுதி செய்தபின் இடிக்கத் தொடங்கினாலே வெளியே வாங்கிச் சாப்பிடும் நாட்கள் கணிசமாகக் குறையும். ஒரு மூலையில் தற்காலிக அடுப்பும், தண்ணீருக்கு ஒரு குழாயும் இருந்தால் நல்லது.

எங்கே இறுக்கலாம், எங்கே கூடாது

சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் போவதில் மிச்சம் பிடிக்காதீர்கள். பைப், வயர், நீர்க்கசிவுத் தடுப்பு, சிங்க்குக்குக் கீழே உள்ள பெட்டியின் பலகை. பிறகு மாற்ற வேண்டுமென்றால் மேலே உள்ள எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். கீல்களும் அப்படித்தான். ஒரு நாளைக்கு இருபது முறை திறந்து மூடும் கதவுக்கு மலிவுக் கீல் போட்டால், கதவு எப்போது தொங்கும் என்பது மட்டும்தான் கேள்வி.

மின்சாரத்தை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட், கெட்டில் 1500, மைக்ரோவேவ் 1200. மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 4700 வாட். 230 வோல்ட்டில் 20 ஆம்பியருக்கு மேல். 16 ஆம்பியர் லைன் ஒன்றில் மூன்றையும் மாட்டினால் பிரேக்கர் விழக்கூடும். ஆகவே மேடைக்கு மேலே குறைந்தது இரண்டு தனி லைன், சுவர் திறந்திருக்கும்போதே. அன்றைக்கு இது சில மீட்டர் வயர். டைல்ஸ் ஒட்டியபின் பெரிய வேலை.

இறுக்கக்கூடியவை கண்ணுக்குத் தெரிபவை. லேமினேட், கைப்பிடி, டைல்ஸின் வடிவம், மேல் அலமாரிகளின் எண்ணிக்கை. மேல் அலமாரி ஒரு பக்கச் சுவருக்குப் போதும். மறுபக்கம் திறந்த தட்டுகள் போட்டால் பலகையும் கீலும் மிச்சம், தூசி துடைப்பது உங்கள் பாடு.

மேடைக் கல் விஷயத்தில் ஒன்று. கிரானைட் சூட்டைத் தாங்கும். குவார்ட்ஸ் என்று விற்கப்படும் செயற்கைக் கல்லில் கல்தூளைப் பிணைப்பது ரெசின் என்ற செயற்கைப் பிசின், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேரே வைத்தால் தடம் விழலாம். அந்தக் கல்லை வெட்டும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுப்பதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடையே செய்துவிட்டது. எந்தக் கல்லாக இருந்தாலும் வீட்டுக்குள் காய்ந்த நிலையில் வெட்ட விடாதீர்கள். பட்டறையிலேயே தண்ணீர் விட்டு வெட்டி வரச் சொல்லுங்கள். அதற்கான போக்குவரத்துச் செலவைக் கல் வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கும் வரிசை

தேதியைப் பார்த்துப் பணம் கொடுத்தால் பணம் முன்னால் போய்விடும், வேலை பின்னால் வரும். வேலையின் கட்டத்தைப் பார்த்துக் கொடுங்கள். இடிப்பும் கழிவும் முடிந்தால் ஒரு பகுதி. பைப்பும் வயரும் பதித்து, பைப்பில் அழுத்தம் ஏற்றிச் சோதித்தபின் ஒரு பகுதி. டைல்ஸ் முடிந்ததும் ஒன்று, அலமாரியும் கல்லும் பொருத்தியதும் ஒன்று. அட்வான்ஸ் கொடுக்காமல் தச்சர் பலகை வாங்க மாட்டார், அது புரிந்துகொள்ளக்கூடியதுதான். பலகைக்கான தொகையை நீங்களே கடையில் கொடுத்து ரசீதை உங்கள் பெயரில் வாங்கலாம். ரசீது பின்னால் உத்தரவாதத்துக்கும் உதவும்.

நடுவில் கேட்கும் ஒவ்வொரு மாற்றத்தையும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், தேதியும் தொகையும் போட்டு ஒரே இடத்தில் எழுதுங்கள். "அதைக் கடைசியில் பார்த்துக்கலாம் சார்" என்று சொல்லப்பட்டவை எல்லாம் கடைசியில் ஒன்றாக வந்து நிற்கும். சுவரை மூடும் முன் டேப்பைப் பிடித்தபடி பைப்பும் வயரும் போகும் வழியைப் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு ஒரு தட்டு மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படம் ஒரு பிளம்பர் கூலியை மிச்சப்படுத்தும்.

கடைசியில் கூலித் தொகையில் நூற்றுக்குப் பத்துப் பங்கையாவது கையில் நிறுத்தி வையுங்கள். இதை முதல் நாளே பேசி எழுதியிருக்க வேண்டும், கடைசி நாளில் சொன்னால் சண்டைதான் வரும். வேலை முடிந்தது என்று சொன்ன அன்று சிங்க்கை விளிம்புவரை நிரப்பி, கீழே அலமாரியில் காய்ந்த செய்தித்தாளை விரித்து, அடைப்பானை ஒரேயடியாக இழுத்துவிடுங்கள். எல்லாக் கதவையும் திறந்து மூடுங்கள், எல்லா இழுப்பறையையும் முழுதாக இழுங்கள். அப்புறம் இரண்டு வாரம் சாதாரணமாகச் சமையுங்கள். இரண்டு வாரம் கழித்தும் அந்தச் செய்தித்தாள் காய்ந்தே இருந்தால் மீதியை எண்ணிக் கொடுத்துவிடலாம்.